கடல் கடக்கும் அமானிதம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

 

வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்த பின் இமாம் எழுந்து நின்றால், தொழுகையைப் பற்றியோ ஸகாத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். இன்று நாம் வங்கிகளைப் பற்றி, அதிலும் ஒரு நாட்டில் பிறந்து வேறொரு நாட்டில் தொழில் செய்யும் வங்கிகளைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அதற்குக் காரணம் உண்டு.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து அமர்ந்திருந்தோம். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் வாசலில் வந்து நின்றார். அவருடைய மகன் அரபு நாட்டில் வேலை செய்கிறார். தங்கையின் நிக்காஹுக்காக இரண்டு ஆண்டுகள் சேர்த்த பணத்தை, செலவு குறைவு என்று எண்ணி, அங்கே அறிமுகமான ஒருவரிடம் கொடுத்து உண்டியல் வழியாக அனுப்பியிருக்கிறார். கொடுத்தவர் "அனுப்பிவிட்டேன்" என்கிறார். இங்குள்ளவர் "வரவில்லை" என்கிறார். கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. காவல் நிலையம் செல்லவும் அச்சம். அனுப்பிய வழியே சட்டத்திற்குப் புறம்பானது. "ஹஜ்ரத், நீங்க ஒரு வார்த்தை பேசி வாங்கிக் கொடுங்க" என்று அந்தத் தாய் அழுதார். நம்மிடம் பதில் இல்லை.

அதைவிட நம்மை வாட்டியது வேறொன்று. அந்த மகன் பயணம் புறப்படும் முன் இதே பள்ளியில் நம்மிடம், "உண்டியலில் பணம் அனுப்பலாமா?" என்று கேட்டிருந்தார். "அதில் வட்டி இல்லையே, குற்றமில்லை" என்று கூறி முடித்துக்கொண்டோம். எழுத்து உண்டா, சாட்சி உண்டா, நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு கேள்வியும் நாம் கேட்கவில்லை. நாம் சொன்னது பாதிப் பதில். அதன் பாரம் நம் தோளிலும் இருக்கிறது. மீதிப் பதிலைத் தேடிப் படித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முன்னோர் காட்டிய முறை

ஓர் ஊரில் கொடுத்த பணத்தை மற்றோர் ஊரில் பெறுவது நம் மார்க்க வரலாற்றுக்குப் புதிதன்று. ஸுபைர் (ரலி) அவர்களிடம் மக்கள் தங்கள் செல்வத்தை அமானிதமாக வைக்க வருவார்கள். "அமானிதமாக வேண்டாம், கடனாக இருக்கட்டும், தொலைந்துவிடுமோ என அஞ்சுகிறேன்" என்பது அவர்களின் நிலைப்பாடு. இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். அமானிதப் பொருள் காப்பாளரின் தவறின்றித் தொலைந்தால் அவர் ஈடு தர வேண்டியதில்லை. கடன் என்றால் எந்நிலையிலும் திருப்பித் தந்தாக வேண்டும். கொடுத்தவரின் பாதுகாப்பைக் கூட்டித் தம் பொறுப்பை அவர்கள் ஏற்றிக்கொண்டார்கள். அவர்கள் ஷஹீதானபோது அவ்வாறு சேர்ந்திருந்த கடன் 22 லட்சம். மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் சொத்துக்களை விற்று அடைத்தார்கள். அதன் பின்னும் நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், "என் தந்தையிடம் கடன் கொடுத்தவர் எவரேனும் உண்டா?" என்று அறிவித்த பின்னரே வாரிசுகளுக்குப் பங்கு பிரித்தார்கள்.

அதே அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் மக்காவில் மக்களிடம் வெள்ளிக்காசுகளைப் பெற்றுக்கொண்டு, இராக்கிலிருந்த தம் சகோதரர் முஸ்அபுக்குக் கடிதம் எழுதித் தருவார்கள். கொடுத்தவர் அங்கே சென்று பெற்றுக்கொள்வார். ஃபிக்ஹு நூல்களில் இது 'சுஃப்தஜா' என்ற பெயரில் பேசப்படுகிறது. நிபந்தனையிட்டுச் செய்வது குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. நாம் கவனிக்க வேண்டியது, அங்கே கடிதம் இருந்தது என்பதை. கடனை எழுதிக்கொள்ளுமாறும் சாட்சி வைக்குமாறும் ஏவும் பகரா அத்தியாயத்தின் வசனம்தான் திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஐரோப்பாவில் இத்தாலி நாட்டு வணிகக் குடும்பங்கள் இத்தகைய எழுத்துகளைக் கொண்டே பெரும் வங்கிகளை அமைத்தன. 1397இல் ஃபுளோரன்ஸ் நகரில் தொடங்கிய மெடிச்சி குடும்பத்தின் வங்கிக்கு லண்டனிலும் புரூஜ் நகரிலும் கிளைகள் இருந்தன. அந்நிய நாட்டு அரசர்களுக்குக் கொடுத்த கடன் திரும்பி வராததும் அது நலிவதற்கு ஒரு காரணமாயிற்று. வெளிநாட்டில் கடன் கொடுப்பவனுக்கு அந்நாட்டு அரசனிடம் கேட்டு வாங்கும் வலிமை கிடையாது என்பது அன்றே தெரிந்த பாடம்.

ரங்கூன் சொல்லும் கதை

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். நாட்டுக்கோட்டை நகரத்தார்கள் இலங்கை, பர்மா, மலாயா என அக்கரைச் சீமைகளில் கடை வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். முகவர் மூன்றாண்டு தவணையில் கப்பலேறிச் சென்று கடை நடத்துவார். கணக்கு ஏடுகள் துல்லியமாக இருக்கும். அவர்கள் எழுதிய உண்டியலுக்கு ஊர் ஊராக மதிப்பிருந்தது. நீதிமன்றமும் அதை ஏற்றது. இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அன்றைய உண்டியல் கையொப்பமிட்ட ஓர் எழுத்து. இன்று அப்பெயரில் நடப்பது தொலைபேசியில் சொல்லும் வெறும் வாய்ச்சொல். பெயர் ஒன்று, பொருள் வேறு.

பர்மாவில் நகரத்தார் கடைகள் சுமார் 1,650 என்றும், அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் 1929–30ஆம் ஆண்டுகளின் பர்மா வங்கி விசாரணைக் குழு கணித்தது. ஆங்கிலேய வங்கிகள் துறைமுகத்தோடு நின்றுவிட்டன; கிராமத்து நெல் விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார்களே. ஐராவதிக் கழிமுகத்தை உலகின் பெரும் அரிசிக் களஞ்சியமாக்கியதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு.

1930இல் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்தது. கடனும் வட்டியும் நின்றன, கட்ட வழியில்லை. அடமான நிலங்கள் கைமாறின. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தார் வசமிருந்தது சுமார் 6 சதவீத நிலம். 1938க்குள் அது 25 சதவீதமாயிற்று. நியாயமாகச் சொன்னால், அவர்கள் நிலத்தை விரும்பியவர்கள் அல்லர்; ரொக்கத்தையே விரும்பினார்கள். ஆயினும் நிலத்தை இழந்த விவசாயியின் கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியுமா? பகை வளர்ந்தது. விளைச்சலும் விலையும் சரிந்தாலும் கடன்பட்டவன் ஒருவனே முழு நட்டத்தையும் சுமக்க வேண்டும் என்பதே வட்டியின் இயல்பு. மார்க்கம் அதை ஏன் தடுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. இதில் பிறரைக் குறை கூறி நாம் மகிழ ஒன்றுமில்லை. நம்மவர்களிலும் வட்டிக்குக் கொடுப்போர் உண்டு. வாங்கி அழிவோர் அதைவிட அதிகம்.

இந்நிலையில்தான் 1937 பிப்ரவரி 10ஆம் நாள், 30 வயதையும் எட்டாத மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் அவர்கள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே சமயத்தில் திறக்கப்பட்டது. விரைவிலேயே பினாங்கிலும் கிளை வந்தது. அயல்நாட்டுச் செலாவணித் தொழில் பெரும்பாலும் ஆங்கிலேய வங்கிகளின் கையிலிருந்த காலம் அது. தம் மக்கள் எங்கே தொழில் செய்கிறார்களோ அங்கே பின்தொடர்ந்து செல்வதே வெளிநாட்டு வங்கியின் முதல் இலக்கணம் என்பதற்கு இது நல்ல சான்று. 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் காலமானார்.

இரண்டு அரசுகளின் நிழலில்

வங்கி தொடங்கிய சில வாரங்களிலேயே, 1937 ஏப்ரல் 1ஆம் நாள், பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்து தனி நிர்வாகமானது. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. நம் மக்கள் லட்சக்கணக்கில் கால்நடையாகவும் கப்பலிலும் வெளியேறினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1963இல் வங்கிகள் அனைத்தும் அரசுடைமையாயின. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் ரங்கூன் கிளையும் அத்துடன் போயிற்று. நிலமும் கடையும் பெயர்த்தெடுத்துக் கப்பலேற்றக் கூடியவை அல்லவே!

மலேசியாவில் நடந்தது வேறு விதம். 1969இல் இந்திய அரசு 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. பிற நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி தன் மண்ணில் இயங்கக்கூடாது என்பது அன்றைய மலேசியச் சட்டமாக இருந்தது. எனவே இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி ஆகிய மூன்றின் அந்நாட்டுத் தொழிலும் 1973இல் யுனைடெட் ஏஷியன் பாங்க் என்ற மலேசிய வங்கியாக ஒன்றிணைக்கப்பட்டது. அதுவும் 1990களின் தொடக்கத்தில் மற்றொரு மலேசிய வங்கியுடன் கலந்துவிட்டது. தில்லியில் போட்ட கையெழுத்து கோலாலம்பூரில் ஒரு வங்கியின் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டது. வெளிநாட்டு வங்கி என்றைக்கும் இரு அரசுகளுக்குக் கீழ்ப்பட்டது.

கண்காணிப்பு இல்லாத இடத்தில்

அந்தக் கண்காணிப்பு தொல்லையா, பாதுகாப்பா? 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. லண்டனில் இருந்த கூட்டாளியின் சூதாட்டம் போன்ற வியாபாரம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். இங்கே சேமித்த ஆயிரக்கணக்கானோர் நட்டமடைந்தனர். இந்தியன் வங்கி 1907இல் பிறந்தது அந்தக் காயத்திலிருந்துதான்.

1974இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கி மூடப்பட்டபோது, அதற்குப் பணம் செலுத்தியிருந்த பிற நாட்டு வங்கிகள் தமக்கு வரவேண்டியதைப் பெறாமல் நின்றன. அதன் விளைவாகவே பல நாட்டு மத்திய வங்கிகள் கூடி, பாசல் நகரில் வங்கிக் கண்காணிப்புக் குழுவை அமைத்தன. அப்படியிருந்தும் 1991இல் பி.சி.சி.ஐ. என்ற வங்கி மூடப்பட்டது. பாகிஸ்தானியர் ஒருவர் தொடங்கியது. அரபு நாட்டுப் பங்குதாரர்களைக் கொண்டது. சுமார் 70 நாடுகளில் இயங்கியது. பதிவு லக்ஸம்பர்கில், நிர்வாகம் லண்டனில். முழுக் கணக்கையும் ஒரே இடத்தில் பார்க்கும் பொறுப்பு எந்த நாட்டிடமும் இல்லை. உள்ளே பொய்க்கணக்கு மலிந்திருந்தது. "நம்மவர் வங்கி" என்று நம்பிப் பணம் போட்ட முஸ்லிம்களும் அதில் அவதியுற்றனர். நடத்துபவரின் பெயர் முஸ்லிம் பெயராக இருப்பதால் கணக்கு சுத்தமாகிவிடாது, சகோதரர்களே!

நம் வாசலில்

இவையெல்லாம் தொலைதூரக் கதைகள் என்று எண்ண வேண்டாம். காலையில் திருநின்றவூர் ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நம் பிள்ளைகள் வேலைக்குச் செல்கிறார்கள்; சிலர் ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளுக்குச் செல்கிறார்கள். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் தென்கொரியாவின் ஹூண்டாய் கார் தொழிற்சாலை வந்தது. அதைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் வந்தன. பின்னர் கொரிய வங்கிகளும் வந்தன. வூரி வங்கி 2012இல் சென்னையில் கிளை திறந்தது. அன்று நகரத்தார்களைத் தொடர்ந்து நம் வங்கி ரங்கூன் சென்றதைப் போலவே, கொரியத் தொழிலைத் தொடர்ந்து அவர்கள் வங்கி இங்கே வந்துள்ளது. ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்று, அதன் விதிகளுக்கும் தணிக்கைக்கும் உட்பட்டே அவர்கள் இயங்க முடியும். பல நாட்டு அரசுகள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது.

ஆக, எல்லை தாண்டும் பணத்தைக் காப்பவை மூன்று: நாணயமான மனிதர், தெளிவான எழுத்து, இரு நாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பணம் ஆபத்தில்தான் இருக்கிறது. அந்தத் தாயின் மகனுக்கு மூன்றுமே இல்லாமற்போயிற்று.

நம் வேண்டுகோள் இவ்வளவே. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவோர் வங்கி வழியாகவோ, அந்நாட்டு உரிமம் பெற்ற பணமாற்று நிறுவனம் வழியாகவோ மட்டுமே அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அங்கீகாரமற்ற உண்டியலை 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் தடை செய்கிறது. அனுப்புபவர் மட்டுமன்றி, இங்கே பெறுபவரும் சிக்கலுக்கு உள்ளாவார். "வங்கிக்குப் போனால் வட்டி சேருமே" என்று கேட்போருக்கு: பணத்தை அனுப்புவதற்கு வங்கி வாங்குவது கூலி, அது வட்டியாகாது. சேமிப்புக் கணக்கில் தானாக வந்து சேரும் வட்டியைத் தமக்கென உண்ணாமல், நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுமாறு உலமாக்கள் பலர் வழிகாட்டியுள்ளனர். துபாயில் 1975இல் தொடங்கியது போன்ற வட்டியில்லா வங்கி இங்கே அமையும் வாய்ப்பை ரிசர்வ் வங்கி 2017இல் தொடர வேண்டாமென முடிவு செய்தது. ஆகவே இருக்கும் வழியைத் தூய்மையாகப் பயன்படுத்துவதே நம் கடமை.

இறுதியாக ஒன்று. பயணம் புறப்படும் இளைஞர்கள் நம்மிடம் துஆச் செய்ய வருகிறார்கள். இனி துஆவோடு, "வங்கிக் கணக்கு திறந்துவிட்டாயா? வீட்டில் யார் பெயரில்? அம்மாவுக்கு விவரம் தெரியுமா?" என்றும் கேட்போம். அந்தத் தாயின் மகளுக்கு நிக்காஹ் இன்னும் நடக்கவில்லை. ஜமாஅத்தார் மனமுவந்து முன்வந்தால், இன்ஷா அல்லாஹ், அதை இந்த ஆண்டே நடத்தி வைக்கலாம். பாதிப் பதில் சொன்ன இமாமின் பங்காக நம் ஒரு மாதச் சம்பளத்தைப் பொருளாளர் அவர்களிடம் ஒப்படைத்து, ரசீதும் பெற்றுக்கொண்டோம்.

நம் வருவாயை ஹலாலாகவும், நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாகவும், தூரதேசத்தில் உழைக்கும் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பாகவும் ஆக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.