கடலுக்கு ஒரு சட்டம், கல்யாணத்துக்கு நாலு சட்டமா?



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "ஆளுக்கொரு வேதம் இருக்கும்போது அத்தனை பேருக்கும் ஒரே சட்டம் எப்படிங்க?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். அவரை உங்க ஊர்க் கடற்கரைக்கே கூட்டிக்கிட்டுப் போறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனம் பெருகுற காலம். படகுக்காரர் ஆறுமுகமா, அப்துல்லாவா, அந்தோணியா என்று எந்த அதிகாரியாவது கேட்கிறாரா? மீனாவது கேட்குதா? (சிரிப்பு)

எதிரணித் தம்பி கையை ஆட்டுறார். "நாட்டுப்படகுக்குத் தடை இல்லையே?" என்கிறார். நல்ல கேள்வி தம்பி. வேறுபாடு இருக்கு. ஆனா அது படகோட வலுவைப் பார்த்து வந்த வேறுபாடு. படகுக்காரர் கும்பிடுற சாமியைப் பார்த்து வந்ததில்லை. குடும்பச் சட்டத்துக்கும் நான் கேட்கிறது அவ்வளவுதான்.

ஷா பானு என்று ஒரு அம்மா, இந்தூர்க்காரர். 1932-ல் கல்யாணம். 1978-ல், 62 வயசில், வக்கீலான கணவர் தலாக் சொல்லிவிட்டார். ஜீவனாம்சம் கேட்டு கோர்ட்டுக்குப் போனார். உயர்நீதிமன்றம் கொடுத்தது மாதம் 179 ரூபாய் 20 காசு. அதையும் எதிர்த்து அந்த வக்கீல் உச்சநீதிமன்றம் வரை போனார்! 1985-ல் அந்த அம்மா ஜெயித்தார். 1986-ல் நாடாளுமன்றம் வேறொரு சட்டம் போட்டு அந்த வெற்றியைச் சுருக்கிவிட்டது. 2001-ல் உச்சநீதிமன்றம்தான் அந்தச் சட்டத்துக்கே பெண்ணுக்கு ஆதரவாகப் பொருள் சொன்னது.

உடனே பக்கத்து வீட்டைக் கை காட்டாதீங்க. அண்ணன் தம்பி இருக்கிற இந்து மகள், அப்பா சொத்தில் பங்கு கேட்க 1956 வரை காத்திருந்தாள். இஸ்லாமிய மகளுக்கு அதற்குப் பல நூற்றாண்டு முன்பே பங்கு உண்டு, சகோதரனுக்கு இரண்டு என்றால் அவளுக்கு ஒன்று. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-ல் சம உரிமை கொடுத்தது. அதிலும், முன்னாடியே கல்யாணமான மகளுக்குக் கிடையாது. 2005-ல் மத்திய சட்டம் வந்துதான் அந்த வேலி போனது. திருவிதாங்கூர்க் கிறித்தவர் சட்டம் இன்னும் வேடிக்கை: மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அது மகளுக்கு. எது குறைவோ! மேரி ராய் வழக்காடி 1986-ல் அதை உடைத்தார்.

சட்டம் வந்தும் வீட்டில் என்ன நடக்குது? தங்கச்சிக்குப் புடவை வாங்கிக் கொடுத்து, சார்பதிவாளர் ஆபீசில் கையெழுத்து வாங்கிடறோம். அதுக்குப் பேரு விடுதலைப் பத்திரம். யாருக்கய்யா விடுதலை? (கைதட்டல்)

உத்தராகண்டில் 2025 ஜனவரி 27-ல் பொதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு; வரவேற்கிறேன். சேர்ந்து வாழ்கிறவர்களும் பதிவு செய்யணுமாம். வீட்டுக்குள்ளே எட்டிப் பார்க்கிற அந்த வேலைக்கு நான் வக்காலத்து வாங்க வரலை. பழங்குடி மக்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது. பொது என்று பேர் வைத்தவர்களே விலக்கும் வைத்திருக்கிறார்கள்.

நடுவர் மணியைத் தொட்டுட்டார். அடுத்துப் பேச வர்ற தம்பிக்கு ஒரு கேள்வி. அந்த 179 ரூபாய்க்குக் கோர்ட்டுப் படி ஏறினது உங்க பாட்டியா இருந்தா, முதல்ல அவங்க பசியைக் கேட்பீங்களா, மதத்தைக் கேட்பீங்களா? அதைச் சொல்லிட்டுப் பேச்சை ஆரம்பிங்க தம்பி.