கடன் வசூலுக்கும் நேரங்காலம் உண்டு
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

போன வாரம் இரவு பத்து மணிக்கு ஒரு போன். "உங்க ஆளு பணம் கட்டலை, நீங்க கட்டுங்க" என்று ஒருவன் அதட்டினான்.

நம் கட்டடத்தில் வேலை பார்ப்பவர், கல்வராயன் மலைக்காரர், பெயர் வேண்டாம். மகள் படிப்புக்குச் செல்போன் செயலியில் 5,000 ரூபாய் கடன். பிடித்தம் போகக் கைக்கு வந்தது 3,400. ஏழே நாளில் முழுசாகக் கட்டணுமாம்! அவர் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் இதே மிரட்டல்.

வங்கியில் கடன் லெட்ஜர் பார்த்தவன் சொல்கிறேன். ரிசர்வ் வங்கி விதிப்படி காலை 8-க்கு முன்பும் மாலை 7-க்குப் பின்பும் வசூலுக்குப் போன் செய்யக்கூடாது. உறவினர், நண்பர்களிடம் சொல்லி அவமானப்படுத்தக்கூடாது. செயலி உங்கள் தொடர்பு எண்களை எடுக்கவே கூடாது. மிரட்டுவது போலிச் செயலி என்றால் 1930-க்குப் புகார் சொல்லுங்கள். மீட்டர் வட்டிக்காரர்களுக்கு 2003-ஆம் வருடக் கந்துவட்டித் தடைச் சட்டம். 3 ஆண்டு வரை சிறை.

கடன் பாக்கிக்காக மட்டும் போலீஸ் கைது செய்யாது. செக் கொடுத்துத் திரும்பியிருந்தால் கதை வேறு. வாங்கிய அசலைக் கட்டத்தான் வேண்டும், அதை அவரிடமும் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை அவரோடு கள்ளக்குறிச்சி எஸ்.பி. ஆபீசுக்குப் போகிறேன். உங்களுக்கும் அந்த போன் வந்திருந்தால் எண்ணையும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். மெசேஜை அழித்துவிடாதீர்கள்.