இலைக்கு உணவா, வேருக்கு உணவா?
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிறந்த ஊரை விட்டு மட்டாஞ்சேரியில் குடியேறிய நம்மில் பலருக்கு ஒரு சாண் நிலமும் சொந்தமில்லை. ஆயினும் மாடியிலோ வாசல் ஓரத்திலோ ஒரு கறிவேப்பிலைத் தொட்டியேனும் வைத்துப் பேணுகிறோம். அது வாடினால் வீட்டார் மனமும் வாடுகிறது. ஆதலால் இன்று அதைப் பற்றியே பேச எண்ணினேன்.

சென்ற ஆண்டு என் வீட்டுக் கறிவேப்பிலையின் இளந்தளிர்கள் மஞ்சளாய் வெளுத்தன. நரம்புகள் மட்டும் பச்சையாய் நின்றன. இரசாயன உரம் இடுவதில்லை என்று உறுதி பூண்ட குடும்பம் எங்களுடையது. எனவே பஞ்சகவ்வியம் வாங்கித் தெளித்தேன். மத்தி மீனுடன் சம எடை வெல்லம் சேர்த்து, மூன்று வாரம் மூடி வைத்து மீன் அமிலம் செய்தும் தெளித்தேன். புட்டிகள் தீர்ந்தன, பணம் தீர்ந்தது, மஞ்சள் தீரவில்லை. செடியைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்த நிலையில்தான், இலை உண்மையிலேயே உணவு உண்ணுமா என்று ஆராயத் தலைப்பட்டேன்.

உண்ணும் என்பதில் ஐயமில்லை. 1950களில் அமெரிக்காவின் மிச்சிகனில் டுக்கி, விட்வர் என்னும் அறிஞர்கள், கதிரியக்கம் கொண்ட சத்துகளை இலைகளில் இட்டு, அவை உள்ளே புகுந்து செடியின் பிற உறுப்புகளுக்குச் செல்வதைக் காட்டினர். அதற்கு முன்பே, 1916ஆம் ஆண்டில், ஹவாய்த் தீவின் மாங்கனீசு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்துக் கிட்டாமல் வெளுத்த அன்னாசிச் செடிகளுக்கு இரும்புச் சல்பேட்டுக் கரைசலைத் தெளித்துப் பச்சையாக்கும் வழியை ஜான்சன் என்பார் எடுத்துரைத்தார்.

ஆனால் எல்லா உணவையும் இலை ஏற்குமா? இங்கேதான் அளவு அறிய வேண்டும். உலர்ந்த இலையில் இரும்பு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 100 பங்கு; தழைச்சத்தோ நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு. மருந்தளவே வேண்டிய இரும்பு, துத்தநாகம், போரான் ஆகியவற்றை இலைவழி ஊட்டலாம். சோற்றளவு வேண்டியதை அவ்வழியே ஊட்டி மாளாது. மேலும், இலையை ஒரு மெழுகுப் படலம் போர்த்தியிருக்கிறது. அமினோ அமிலம் போன்ற நுண்பொருள்கள் அதனூடே ஓரளவு நுழையும். புரதம் போன்ற பெரும்பொருள்கள் எளிதில் நுழையமாட்டா.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் பஞ்சகவ்வியக் கரைசல் 3 விழுக்காடு. அதாவது ஒரு லிட்டருக்கு 30 மில்லி. அதிலுள்ள வளர்ச்சி ஊக்கிகள் துணை செய்யலாம். இலையிலிருந்து சொட்டுவது மண்ணுக்கு நன்மை பயக்கலாம். ஆயினும் துணை துணையே, உணவு ஆகாது.

என் செடியின் நோயைக் கண்டுபிடித்தவர் எதிர்வீட்டுப் பாட்டியார். "தொட்டியில் என்ன மண்ணப்பா போட்டாய்?" என்றார். பக்கத்தில் இடித்த பழைய வீட்டின் மண்ணை அள்ளி வந்து நிரப்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதில் பாதி, சுவரின் சுண்ணாம்புக் காரை! சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் கரையாது, வேருக்குக் கிட்டாது. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றும் நம் ஊர் வழக்கத்தின் பொருளும் விளங்கிற்று. புளிப்பு அந்தச் சுண்ணாம்பைச் சற்றே தணிக்கும். நான் இரும்பையே தெளித்திருந்தாலும் தெளித்த இலை பச்சையாகும். அடுத்த தளிர் மீண்டும் வெளுக்கும். இரும்பு ஓரிலையிலிருந்து மற்றோரிலைக்கு எளிதில் நகராது.

ஹவாய்த் தீவினர் தோட்டம் முழுவதும் மண்ணை மாற்ற இயலாது, ஆகவே தெளித்தனர். நமக்கோ ஒரு தொட்டி மண்ணை மாற்றுதல் அரை நாள் வேலை. செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்து செடியை மாற்றி நட்டேன். மூன்று திங்களில் பச்சைத் தளிர் விட்டது.

ஆகவே, முதலில் மண்ணையும் வேரையும் பாருங்கள். பின்னர் தெளிக்க விரும்பினால், காலையிலோ மாலையிலோ இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பொழியும் கொச்சியில், இடவப்பாதிக் காலத்தில் தெளிப்பது ஓடைக்குத்தான் போய்ச் சேரும். பச்சையாய் உண்ணும் புதினா, கொத்தமல்லி மீது சாணம், மீன் சேர்ந்த கரைசல்களைத் தெளிக்க வேண்டா. ஐயமுற்றால் ஒத்த இரு தொட்டிகளில் ஒன்றுக்குக் கரைசலும் மற்றொன்றுக்கு வெறும் நீரும் தெளித்து, கண்ணாலேயே தீர்ப்புக் காணுங்கள்.

நம் குழந்தைகளின் தமிழும் இத்தகையதே. ஆண்டுக்கொருமுறை எடுக்கும் இவ்விழா இலைக்குத் தெளிக்கும் நீர். வீட்டில் நாள்தோறும் பேசும் பேச்சே வேருக்கு இடும் எரு. இரண்டையும் செய்வோம், வேரை மறவாதிருப்போம்.