முத்திரை குத்தியவர்களும் எண்ணிப் பார்த்தவர்களும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாங்கள் ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர்கள். வேகனின் சீல் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமானால், சைடிங் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுதினாலும் தாள் ஒன்றுதான், மை ஒன்றுதான். சரக்கு களவு போன பிறகுதான் வித்தியாசம் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு தூரதேசத்துச் சங்கதியைக் கேளுங்கள்.

மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர் என்று ஒரு சின்னஞ்சிறு நாடு. 1980 முதல் 1992 வரை அங்கே உள்நாட்டுப் போர். ராணுவத்தின் பிடியிலிருந்த அரசுக்கு ஆயுதம் கொடுத்தது அமெரிக்கா. கொடுக்க வேண்டாம் என்று 1980 பிப்ரவரியில் ஜனாதிபதி கார்ட்டருக்குக் கடிதம் எழுதினார் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ. மார்ச் 24 அன்று, பூசை நடத்திக்கொண்டிருந்தபோதே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அமெரிக்க மக்களிடையே கண்டனம் எழுந்தது. 1981 டிசம்பரில் அவர்களுடைய நாடாளுமன்றம் ஒரு நிபந்தனை போட்டது. எல் சால்வடோர் அரசு மனித உரிமையை மதிக்க உண்மையாக முயல்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜனாதிபதி சான்றளிக்க வேண்டும். இல்லையேல் ராணுவ உதவி கிடையாது. நல்ல சட்டம்தான். ஆனால் சான்று தருபவரும் ஆயுதம் தருபவரும் ஒருவரே!

அதே டிசம்பரில் எல் மொசோட்டே கிராமத்தில், அமெரிக்கப் பயிற்சி பெற்ற அட்லகாட்ல் பட்டாளம் புகுந்தது. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து ஆயிரம் பேர் வரை கொல்லப்பட்டனர். கணவரையும் நான்கு பிள்ளைகளையும் பறிகொடுத்து, மரத்தடியில் ஒளிந்து தப்பிய ரூஃபினா அமாயா நடந்ததைச் சொன்னார். 1982 ஜனவரி 27-இல் அமெரிக்காவின் இரண்டு பெரிய பத்திரிகைகளில் செய்தி வந்தது. மறுநாளே ஜனாதிபதி ரீகன் முதல் சான்றிதழில் கையெழுத்திட்டார். அதன் பிறகு தூதரக அதிகாரிகள் ஹெலிகாப்டரில் மேலே பறந்து பார்த்தார்கள், பக்கத்து ஊர்களில் விசாரித்தார்கள். எல் மொசோட்டேக்குள் கால் வைக்கவில்லை. படுகொலையை உறுதிப்படுத்த ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதி அனுப்பினார்கள். சைடிங்குக்குப் போகாத கையெழுத்து!

எண்ணிப் பார்த்தவர்கள் யார்? பேராயத்தின் சட்ட உதவி அலுவலகத்தார். மகனைக் காணோம், கணவனைக் காணோம் என்று வந்த பெண்கள் சொன்னதைத் தேதியோடும் ஊர் பேரோடும் பதிந்து வைத்தார்கள். அந்தக் கணக்கு எல்லை தாண்டிப் போயிற்று. 'அமெரிக்காஸ் வாட்ச்' அமைப்பும் அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கமும் சேர்ந்து அந்த ஜனவரியிலேயே அதை அறிக்கையாக்கின. அந்த அமெரிக்கர்கள் தங்கள் அரசையே கேள்வி கேட்டார்கள் பாருங்கள், அதுதான் எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. எதிரி நாட்டின் குற்றத்தை எண்ண யாருக்கும் விரல் போதும்.

பலன் உண்டா என்றால், உடனே இல்லை. நான்கு சான்றிதழ்கள் வந்தன. 1983 நவம்பரில் அந்த நிபந்தனையை நீட்டிக்கும் மசோதாவையும் ரீகன் கையெழுத்திடாமல் விட்டு ஒழித்தார். பணம் போய்க்கொண்டேயிருந்தது. ஆனால் 1992-இல் போர் ஓய்ந்ததும், எல் மொசோட்டே கோயிலை ஒட்டிய கட்டடத்தை அர்ஜென்டினா நிபுணர்கள் தோண்டினார்கள். 143 பேரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களில் 130-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். 1993-இல் ஐ.நா.வின் உண்மை அறியும் குழு, ரூஃபினா சொன்னது மெய்யே என்றது. வழக்குக்குச் சாட்சியும் பெயர்ப்பட்டியலும் திரட்டிக் கொடுத்தது பேராயத்தின் அலுவலகமே.

வயிற்றுப்பாட்டுக்கு ஊர்விட்டு வந்த நாம் இதை ஏன் பேச வேண்டும்? நம் அரசும் நம் பெயரால் வெளிநாட்டில் கை தூக்குகிறது. இலங்கை பற்றிய ஜெனிவா தீர்மானத்தை 2012-இல் ஆதரித்தது. 2014-இல் வாக்களிக்காமல் ஒதுங்கியது. காணாமற்போன பிள்ளைகளின் படத்தோடு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் 2017-இல் தெருவோரம் உட்கார்ந்தார்கள். அவர்கள் கையிலிருக்கும் பட்டியலை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அதைத் தருவித்து, நாடாளுமன்றம் கூடுமுன் நம் தொகுதி எம்.பி.யிடம் கொடுத்து, வெளியுறவு அமைச்சரிடம் எழுத்து மூலம் கேள்வி கேட்கச் சொல்லப் போகிறோம். வருகிற ஞாயிறு மாலை சங்க அறையில் கடிதம் எழுத உட்காருகிறோம். இந்தி எழுதத் தெரிந்த பிள்ளைகள் நாலு பேராவது வர வேண்டும்.