ஓராண்டில் படித்த சில நூல்கள்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டும் இதே மேடையில் நூல்களைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் எனக்குப் பணித்தார். அன்று நான் இருபத்தைந்து நூல்களின் பெயர்களை வரிசையாகப் படித்தேன். நீங்களும் பெருந்தன்மையுடன் கைதட்டினீர்கள். அதன்பின் கழிந்த ஓராண்டில் அவற்றுள் ஒன்றையேனும் கேட்டு என் வீட்டுக் கதவைத் தட்டியவர் எவரும் இலர். இது உங்கள் குற்றமன்று. பார்சல் அலுவலகத்தில் நாள் முழுதும் பட்டியல் எழுதுகிறவன் மேடையேறினாலும் பட்டியலைத்தானே வாசிப்பான்? அன்றியும், அந்த இருபத்தைந்தில் பாதியை நானே முழுமையாகப் படித்தவன் அல்லேன் என்பதையும் இன்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் பெரியோர் அவையில் சற்றுப் பெரிதாகத் தோன்ற விரும்பினேன், அவ்வளவே.

ஆதலால் இவ்வாண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நான் படித்து முடித்த நூல்களைப் பற்றி மட்டும் பேச அனுமதி கோருகிறேன்.

தரியாகஞ்சு நடைபாதையில் ஞாயிறுதோறும் விரிந்த பழைய புத்தகச் சந்தையை நீங்கள் அறிவீர்கள். 2019ஆம் ஆண்டில் அது நடைபாதையிலிருந்து அகற்றப்பட்டு மகிளா ஹாட் வளாகத்திற்குள் சென்றது. சில மாதங்களுக்கு முன் அங்கே எடைக்கு விற்கும் புத்தகக் குவியல் ஒன்றில் தமிழ் எழுத்து கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தேன். டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதிய ‘என் சரித்திரம்’. முதல் பக்கத்தில், நீல மையில், அழகிய கையெழுத்தில், ‘என் மகனுக்கு, அவன் பத்தாவது பிறந்த நாளில்’ என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. முதல் சில பக்கங்களுக்குமேல் யாரும் புரட்டிய அடையாளமும் இல்லை. கடைக்காரர் அது எந்த மொழி என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அரைக் கிலோவுக்கும் சற்று அதிகம் என்று நிறுத்துக் கொடுத்தார்.

அந்தத் தந்தை யாரோ, நான் அறியேன். நம்மைப் போல் பணி நிமித்தம் இங்கு வந்த ஒருவராகத்தான் இருக்கவேண்டும். என் வீட்டு அலமாரியில் உள்ள நூல்களும் ஒருநாள் அதே தராசில் ஏறுமோ என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. எனக்கு ஒரு மகனும் ஒரு மகளும். இருவரும் வீட்டில் தமிழ் பேசுவார்கள். சென்ற ஆண்டுவரை இருவருக்குமே தமிழ் படிக்கத் தெரியாது. சங்கத்தில் தமிழ் நூல்களைப் பற்றி உரையாற்றியவன் வீட்டு நிலைமை இது!

முதலில் அந்த ‘என் சரித்திர’த்தையே சொல்கிறேன். 1855இல் பிறந்த ஐயரவர்கள் தம் முதுமையில், 1940 முதல் ‘ஆனந்த விகட’னில் எழுதிவந்த தன்வரலாறு இது. 1942இல் அவர் காலமானபோது சரித்திரம் முற்றுப்பெறவில்லை. 1950இல் நூலாக வெளிவந்தது. ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த பெரியார் என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால் இந்நூலில் என்னை ஆட்கொண்டவர் அவருடைய தந்தையார். கையில் பொருளில்லாத சங்கீத வித்துவான். மகன் தமிழ் படிக்கவேண்டும் என்பதற்காக, சொல்லிக்கொடுப்பவர் உள்ள ஊரைத் தேடி, அரியலூர் என்றும் குன்னம் என்றும் குடும்பத்தோடு குடிபெயர்ந்துகொண்டே இருக்கிறார். ஒவ்வோர் ஊரிலும் யாரோ ஒருவர் நெல் கொடுக்கிறார், யாரோ ஒருவர் வீடு கொடுக்கிறார். கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மகனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். நாமும் ஊர்விட்டு ஊர் வந்தவர்களே. அவர் குடிபெயர்ந்த காரணத்தையும் நான் குடிபெயர்ந்த காரணத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஊதியத்திற்காக வந்ததில் தவறில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன், முழுதும் தேறவில்லை.

இன்னோர் இடமும் உண்டு. 1880இல் கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்ன என்ன படித்திருக்கிறீர்கள் என்று ஐயரவர்களைக் கேட்கிறார். அவர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை, ‘சீவக சிந்தாமணி’ படித்ததுண்டா என்கிறார். அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 1887இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பு. சென்ற ஆண்டு நான் வாசித்த பட்டியல் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது!

நூல் பெரியது, தொடக்க அத்தியாயங்களில் ஊர் வரலாறும் முன்னோர் வரலாறும் நிறைய வரும். புதிதாகப் படிப்பவர் மாயூரம் போய்ச் சேரும் இடத்திலிருந்து தொடங்கி, பிறகு முன்பகுதிக்குத் திரும்பலாம் என்பது என் கருத்து. புலவர்கள் என்னைப் பொறுத்தருள்க.

அடுத்தது ஒரு நாவல். அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’, 1977இல் வெளிவந்தது. நிஜாமின் ஆட்சி முடிவுக்கு வந்த 1948ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், சிகந்தராபாத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையின் கதை. தந்தைக்கு ரயில்வேயில் வேலை. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் உருதும் தெலுங்கும் ஆங்கிலமும். இதற்குமேல் நம் காலனிக்கு நான் என்ன விளக்கம் சொல்வது? ஆசிரியர் 1931இல் அதே சிகந்தராபாத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையாரும் ரயில்வே ஊழியர். ஆகவே வீட்டு விவரங்கள் பொய் பேசுவதில்லை. கதை கிரிக்கெட்டில் தொடங்குகிறது. என் மகன் கிரிக்கெட்டைத் தவிர வேறு எதற்கும் செவிகொடாதவன். ஒரு மாலை அந்த முதல் பக்கங்களைச் சற்று உரக்கப் படித்தேன். அவன் கைப்பேசியைக் கீழே வைத்தான். “அப்புறம்?” என்றான். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, மீதியை நீயே படித்துக்கொள் என்றேன். படிக்கத் தெரியாதே என்றான். அதுவரை அதை அவன் ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. அன்று சொன்னான். ஒவ்வொரு நாளும் பத்துப் பக்கம் நான் படித்தேன்; சில நாட்களில் அவன் என் தோளருகே வந்து எழுத்துகளைப் பார்க்கத் தொடங்கினான். நூலின் இறுதிக் காட்சி கலவர நாளில் நிகழ்வது. அதனைச் சிறுவர்க்குப் படித்துக் காட்டலாகாது. பெற்றோர் முன்னரே படித்துவிட்டு முடிவு செய்யட்டும். நான் படித்தேன், படித்தபின் நெடுநேரம் யாரோடும் பேசவில்லை.

டெல்லியையே களமாகக் கொண்ட நாவல் வேண்டுவோர்க்கு ஆதவனின் ‘காகித மலர்கள்’ உண்டு. கல்லிடைக்குறிச்சியில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர். சில காலம் ரயில்வேயிலும் பணியாற்றியவர் என்பதில் எனக்கு ஒரு சிறு பெருமை. 1987இல் சிருங்கேரியில் துங்கை ஆற்றில் மூழ்கி இறந்தார். சாகித்திய அக்காதெமிப் பரிசு அதன்பின்னரே வந்தது. நூலைப் பற்றிச் சொல்வதானால், மிகவும் கெட்டிக்காரத்தனமானது. மனிதர்கள் நினைப்பதையெல்லாம் விடாமல் சொல்கிறது. எனக்கு ஓரளவு அலுப்புத் தட்டியது. என் மனைவிக்கோ மிகவும் பிடித்தது. ஆகவே இதில் வீட்டிலேயே ஒருமித்த கருத்து இல்லை.

பயண நூல் விரும்புவோர் தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யைப் படியுங்கள். காவேரிக் கரையோரமாகப் பயணம் செய்து எழுதியது, 1971இல் வந்தது. ஜானகிராமனும் வானொலிப் பணியில் நம் டெல்லியில் வாழ்ந்தவரே. யமுனைப் பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளும் நம் குழந்தைகளுக்கு, ஆறு என்றால் என்ன என்பதை இந்நூல் காட்டும்.

வங்க மொழியிலிருந்து த. நா. குமாரஸ்வாமி மொழிபெயர்த்த ‘ஆரோக்கிய நிகேதனம்’ தாராசங்கர் பந்தோபாத்தியாயரின் நாவல். நாடியைப் பிடித்தே நோயாளிக்குச் சாவு நெருங்குவதை அறியும் கிராமத்து முதிய வைத்தியர் ஒருவர். அது மூடத்தனம் என்று சினக்கும் இளம் டாக்டர் ஒருவர். யார் பக்கம் நிற்பது என்று நாவல் நமக்குச் சொல்வதில்லை. என் தாயார் நோயுற்றிருந்த மாதங்களில் மருத்துவமனை வராந்தாவில் அமர்ந்து இதனைப் படித்தேன். வீட்டில் நோயாளி இருக்கும்போது படிக்கத்தக்க நூலா என்று கேட்டார் ஒருவர். எனக்கு அது துணையாக இருந்தது. மற்றவர்க்கு எப்படியோ, அறியேன்.

இனி நான் சொல்லப்போகும் நூலைக் கேட்டுத் தாய்மார்கள் சிரிக்கலாம். எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’. முதற்பாகம் 1951இல் வெளிவந்தது. இளமையிலேயே கணவரை இழந்தவர், சமையலில் கைதேர்ந்தவர். உறவினர் பலரும் கடிதம் எழுதிக் குறிப்புக் கேட்பதைக் கண்ட அவருடைய உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர், நூலாகவே எழுதிவிடு என்றார். ஊரைவிட்டு வந்து, குழம்பு வைக்கத் தெரியாமல் கடிதம் எழுதியவர்களால் பிறந்த நூல் என்றால், நம்மைப் போன்றோரின் நூல்தானே? இதில் அலங்காரம் ஒன்றும் கிடையாது. இத்தனை ஆழாக்கு, இன்ன பதம், இன்னதன்பின் இன்னது. இதுபோல் எழுதத் தெரிந்தவர்கள் எங்கள் அலுவலகத்துச் சுற்றறிக்கைகளை எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இந்த நூல் எங்கள் வீட்டுக்கு வந்த காரணத்தைச் சொல்லவேண்டும். என் தாயார் காலமானபின் அவருடைய பெட்டியில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருந்தது. பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, இடையிடையே சமையல் குறிப்பு. என் மகள் பாட்டியின் மீன் குழம்பை நினைத்து ஏங்குபவள். நோட்டைக் கொண்டுவந்து, “அப்பா, இதில் அந்தக் குழம்பு இருக்கிறதா?” என்றாள். இருந்தது. நான் படித்துச் சொல்ல வாயெடுத்தேன். என்னவோ தோன்றி, நிறுத்திக்கொண்டேன். நீயே படிக்கக் கற்றுக்கொண்டு வை என்றேன். அழுதாள். மனைவி என்மீது கோபித்தாள். அந்தக் கையெழுத்து எனக்கே எளிதில் விளங்காதது. எழுத்து அறியாத பெண்ணிடம் அதைக் கொடுத்தது கொடுமைதான் என்று மறுநாள் உணர்ந்தேன். அச்செழுத்தில் தொடங்கட்டும் என்று ‘சமைத்துப் பார்’ வாங்கி வந்தேன்.

மீனாட்சி அம்மாளின் நூலில் மீன் கிடையாது. அது சைவ சமையல். ஆனால் புளியும் உப்பும் மிளகாயும் உண்டு. கரைத்து, தாளித்து, கொதிக்கவிட்டு என்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. ஒரே சொல்லைப் பத்து முறை பார்த்தால் பதினோராம் முறை கண் தானே படித்துவிடுகிறது. பாடப் புத்தகத்தில் இந்த வசதி இல்லை. மார்கழியில் எழுத்துக்கூட்டத் தொடங்கியவள் சித்திரையில் எலுமிச்சை ரசம் வைத்தாள். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பணி முடிந்து வந்தபோது, அடுப்படியில் என் தாயாரின் நோட்டு விரிந்திருந்தது. ஓரத்தில் மஞ்சள் கறை. ஓரிடத்தில் ‘வெந்தயம்’ என்பதை ‘வெங்காயம்’ என்று படித்துவிட்டதாகப் பின்னர் தெரிந்தது. குழம்பு சற்று இனித்தது. நாங்கள் நால்வரும் ஒன்றும் சொல்லாமல் உண்டோம்.

சிறு குழந்தைகளுக்கு அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’. ஆசிரியர் இந்தியன் வங்கியில் பணிபுரிந்துகொண்டே குழந்தைகளுக்குப் பாடல் எழுதியவர். கணக்கெழுதும் கையால் இதுவும் கூடும் போலும்!

நூல்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ராமகிருஷ்ணபுரத்தில் உள்ள டெல்லித் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. மொழிபெயர்ப்பு நூல்களுக்கு மண்டி ஹவுஸ் அருகே ரவீந்திர பவனில் சாகித்திய அக்காதெமியைக் கேட்டுப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் செல்ல இயலாதவர்க்காக, நான் சொன்ன நூல்களை மேடையின் இடப்புற மேசையில் வைத்திருக்கிறேன். அருகில் ஒரு பதிவேடு இருக்கிறது. பெயரும் குவார்ட்டர்ஸ் எண்ணும் எழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம். பக்க நுனியை மடிக்கவேண்டாம். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் உரக்கப் படிப்போம். எழுத்து அறியாத பிள்ளைகளையே முதலில் அனுப்புங்கள். நீல மையில் எழுதிய அந்தப் பிரதியும் மேசையில்தான் இருக்கிறது. அந்தக் கையெழுத்தை யாரேனும் அடையாளம் கண்டால் என்னிடம் சொல்லுங்கள், உரியவரிடம் சேர்த்துவிடுகிறேன்.

‘சமைத்துப் பார்’ மட்டும் மேசையில் இல்லை. என் மகள் தர மறுத்துவிட்டாள்.