இலத்திரனியல் சிகரெட்: தடைச் சட்டமும் குப்பித் திரவமும்

இலங்கையில் இலத்திரனியல் சிகரெட்டை விற்பது குற்றமா என்ற கேள்விக்கு, பலரும் எண்ணுவதுபோல ‘ஆம்’ என்ற ஒரே சொல்லில் விடை சொல்லிவிட முடியாது. புகையிலை, மதுசாரம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் தேசிய அதிகாரசபையை நிறுவிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், 2016 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள், மெல்லும் புகையிலைப் பொருட்களோடும் சுவையூட்டிய சிகரெட்டுகளோடும் சேர்த்து, புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகளை உற்பத்தி செய்வதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடுத்தன. அரசின் நோக்கம் ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் ‘புகையிலை அடங்கிய’ என்ற அந்த அடைமொழிதான் சிக்கலுக்கு வித்திடுகிறது. ஏனெனில், இளைஞர் ‘வேப்’ என்று அழைக்கும் கருவியில் புகையிலைத் துகள் ஏதும் இருப்பதில்லை.

அக்கருவியில் இருப்பவை ஒரு மின்கலம், சூடேறும் ஒரு கம்பிச்சுருள், திரவத்தை உறிஞ்சி அச்சுருளுக்குக் கொடுக்கும் பஞ்சு, அப்புறம் அந்தத் திரவம். புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின் என்னும் இரு பசைத்தன்மையுள்ள திரவங்களில் நிக்கோட்டினையும் பழவாசனை போன்ற சுவையூட்டிகளையும் கலந்து அது தயாரிக்கப்படுகிறது. நிக்கோட்டின் பெரும்பாலும் புகையிலையிலிருந்து பிரித்தெடுக்கப்படுவதாயினும், புகையிலைச் செடியைத் தொடாமல் இரசாயன முறையில் அதைத் தயாரிக்கவும் இன்று முடிகிறது. ஆகவே, இத்தகைய குப்பியோடு பிடிபட்ட வணிகர் ஒருவர், தமது பொருளில் புகையிலையே இல்லை என வாதாடுவதற்கு விதியின் வாசகமே வாசல் திறந்து வைத்திருக்கிறது. கடலுக்கு அப்பால் இந்தியா 2019இல் இயற்றிய தடைச் சட்டம் இவ்விடத்தில் கூடுதல் கவனத்தோடு எழுதப்பட்டது: நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கும் ஆவியாக்கித் தரும் மின்கருவி எதுவும் தடைக்குள் அடங்கும் என்று அது கருவியை வைத்தே வரையறை செய்தது.

இந்த வேறுபாடு சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை. திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதியில், நிலாவெளிக்கு வடக்கே களப்பு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த இறக்கக்கண்டி, குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவைச் சேர்ந்த கடற்றொழிற் கிராமம். வாடைக்காற்று ஓய்ந்த மாதங்களில் நிலாவெளிக் கரைக்கு வரும் உல்லாசப் பயணிகளிலும், பிரித்தானியாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரிலும் பலருக்கு இக்கருவி தத்தம் நாட்டில் கடையில் வாங்கக்கூடிய சாதாரணப் பொருள். இத்தகைய ஊரில் சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டியவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவர் ஒரு குப்பியைக் கைப்பற்றினாலும், அதனுள் என்ன இருக்கிறது என்பதை அதன் மேல் ஒட்டிய சிட்டையைத் தவிர வேறெதுவும் அங்கே அவருக்குச் சொல்லாது. சிட்டை பொய் சொன்னால், அதை ஆய்வுகூடத்தில்தான் கண்டுபிடிக்க முடியும்.

திரவத்தின் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது பலரும் தடுமாறுவது ஓரிடத்தில்தான்: உணவில் கலக்க அனுமதிக்கப்பட்ட பொருள் சுவாசிக்கவும் ஏற்றது என்று கருதிவிடுகிறார்கள். இரைப்பைக்குத் தீங்கு செய்யாத ஒன்று நுரையீரலின் மெல்லிய சுவர்களில் படிந்தால் நிலைமை வேறு. வெண்ணெய் வாசனை தரும் டையசெற்றில் என்னும் இரசாயனம் உணவில் பழக்கமானதே. ஆனால் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சோளப்பொரித் தொழிற்சாலையொன்றில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் சிறு மூச்சுக்குழல்கள் மீளமுடியாதபடி தழும்பேறிச் சுருங்கின. அதே நாட்டில் 2019இல் தொடங்கி 2020 பெப்ரவரிக்குள், இக்கருவி வழியாகத் திரவங்களைச் சுவாசித்த 2,800க்கும் மேற்பட்டோர் கடும் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள்; இறந்தோர் 68 பேர். முதன்மைக் காரணமாக இனங்காணப்பட்டது, கள்ளச்சந்தைக் கஞ்சாத் திரவங்களில் செறிவு காட்டுவதற்காகக் கலக்கப்பட்ட விற்றமின் ஈ அசிற்றேற்று. முகப்பூச்சுகளில் தீங்கின்றிப் பயன்படும் பொருள் அது.

நிக்கோட்டினைப் பொறுத்தவரை தமிழ் உழவருக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது. புகையிலையை ஊறவைத்த நீரைப் பூச்சிக்குத் தெளித்தவர்களுக்கு அது நஞ்சு என்பது தெரியும். ஈரமான புகையிலை இலையை வெறுங்கையால் ஒடிப்போருக்குத் தலைச்சுற்றும் வாந்தியும் வருவது, அது தோல் வழியாகவும் உடலில் ஏறும் என்பதற்குச் சான்று. பிரித்தானியா 2016இல் கொண்டுவந்த விதிகள் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின், குப்பிக்கு 10 மில்லிலீற்றர் என்று எல்லை வகுத்து, குழந்தைகளால் திறக்க முடியாத மூடியையும் கட்டாயமாக்கின. அந்த எல்லைக்குள் அடங்கிய ஒரு குப்பியில்கூட 200 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கலாம். மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை செறிந்த திரவங்களும் உலகச் சந்தையில் உண்டு. தடை செய்த நாட்டிலோ செறிவுக்கும் எல்லை இல்லை, மூடிக்கும் விதி இல்லை. விற்கவே கூடாத பொருளுக்குத் தரம் வகுக்க முடியாது என்பது நியாயமே என்றாலும், மறைவாக வந்து சேரும் குப்பியே எவராலும் சோதிக்கப்படாத குப்பியாகவும் அமைந்துவிடுகிறது.

தடையை நீக்க வேண்டும் என்பதற்கு இது வாதமாகாது. பிரித்தானியா இக்கருவியை அனுமதித்தது சிகரெட்டைக் கைவிட முயலும் பழைய புகைபிடிப்பவர்களை முன்னிட்டே. அங்கும் இளையோர் கையில் அது பரவியதால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகைகளின் விற்பனையை 2025 ஜூன் முதல் நிறுத்த நேர்ந்தது. இலங்கைக்கு உடனடித் தேவை, விதியின் வரையறை நிக்கோட்டின் திரவத்தையும் கருவியையும் பெயர் சொல்லி உள்ளடக்குவதும், கைப்பற்றப்படும் குப்பிகளை அழிப்பதற்கு முன் பகுப்பாய்வாளரிடம் அனுப்பி முடிவுகளைப் பகிரங்கப்படுத்துவதுமாகும். பின்னது இல்லாமல் முன்னது மட்டும் நிறைவேறினால், வழக்குகள் வெல்லுமே தவிர, எந்த நஞ்சு ஊருக்குள் புழங்குகிறது என்பது வைத்தியருக்கும் தெரியாது.

சட்டம் திருந்தும் வரை வீடுகளில் செய்யக்கூடியதும் உண்டு. குழந்தையொன்று இத்திரவத்தை அருந்திவிட்டால், வாந்தி, மிகுந்த வியர்வை, நடுக்கம், வலிப்பு போன்ற அறிகுறிகள் தோன்றும் வரை காத்திராமல் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டில் வாந்தி எடுக்க வைக்க முயலக்கூடாது. தோலில் சிந்தியிருந்தால் உடையைக் களைந்து நீரால் நன்கு கழுவ வேண்டும். தடைசெய்யப்பட்ட பொருள் என்ற அச்சத்தில் குப்பியை ஒளித்துவிடாமல் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். வைத்தியர் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்திடம் ஆலோசனை கேட்கும்போது, முதலில் கேட்கப்படுவது அந்தக் குப்பியில் என்ன இருந்தது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதாகவே இருக்கும்.