மிச்சம் வைக்கத் தெரிந்த கணக்கு
(ஏழாயிரம்பண்ணையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



'விமான நிறுவனங்களை நடத்துவதில் செயற்கை நுண்ணறிவு' என்று அழைப்பிதழில் பார்த்த நண்பர் ஒருவர், "ஒரு கம்பி மத்தாப்பைக்கூட பிளைட்டில் ஏற்ற விடமாட்டான், நம்ம ஊருக்கு எதுக்குய்யா இந்தப் பேச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இன்றைய பேச்சு விமானத்தைப் பற்றியது என்பதைவிட, விதிக்குள் நின்று வேலையைப் பங்கிடுவது பற்றியது. அது பட்டாசு செய்யும் இந்த வட்டாரத்துக்குப் பழகிய விஷயம்.

ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதிகாலையில் சென்னையில் கிளம்பி மதுரைக்கு வருகிறது. திரும்பச் சென்னை, அங்கிருந்து டெல்லி, பிறகு வேறோர் ஊர். டெல்லியில் மார்கழிப் பனிமூட்டம் என்றால் இரண்டு மணி நேரம் போய்விடும். அடுத்த ஊர்க்காரர் காத்திருப்பது வெளியே தெரியும். உள்ளே நடப்பது தெரியாது. விமானிகளின் பணி நேரம் முடியப்போகிறது. அதற்கு மேல் அவர்கள் பறக்கக் கூடாது. மாற்று விமானி இன்னொரு நகரத்தில் இருக்கிறார். பணிப்பெண்களின் முறைப்பட்டியல் தனி. அந்த விமானம் இரவு பராமரிப்புக்கு ஒரு குறிப்பிட்ட ஊரில் நின்றாக வேண்டும். ஒரு முடிச்சை அவிழ்த்தால் நான்கு முடிச்சு விழும். நாளெல்லாம் இதை அவிழ்க்கிற இடத்துக்குத்தான் இயக்கக் கட்டுப்பாட்டு மையம் என்று பெயர்.

இதற்குக் கணிதம் துணைக்கு வந்து வெகு காலமாகிறது. ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் கண்ட சிம்ப்ளெக்ஸ் முறையும் அதன் வழி வந்தவையும், எந்த விமானிக்கு எந்தப் பயணம் என்பதைக் குறைந்த செலவில் பிரித்துக் கொடுத்தன. அண்மையில் சேர்ந்தது, பழைய தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் மென்பொருள். எந்தப் பயணம் தாமதமாகும், எந்த உதிரிபாகம் பழுதாகப் போகிறது என்று அது முன்கூட்டியே சொல்கிறது. ஏர்பஸ் 2017-இல் தொடங்கிய ஸ்கைவைஸ் என்ற தரவுத் தளம், பழுதை முன்கூட்டிக் கணிக்கும் வேலையைச் செய்கிறது. அமெரிக்காவில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 2021 முதல் பயன்படுத்தும் ஃப்ளைவேஸ், காற்றையும் வானிலையையும் நெரிசலையும் பார்த்து வழித்தடம் பரிந்துரைக்கிறது. ஏற்பதும் தள்ளுவதும், தரையில் இருந்து பயணத்தைத் திட்டமிட்டுக் கண்காணிக்கும் டிஸ்பேட்ச்சர் கையில். அந்நாட்டுச் சட்டப்படி பயணத்தின் பாதுகாப்புக்கு விமானியோடு அவரும் பொறுப்பாளி.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். விமானிகளின் களைப்பைக் குறைக்க விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதிகளைத் திருத்தியது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாயிற்று. இரவு நேரத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இந்த விதிகளின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. விதி என்ன என்பது 2024 தொடக்கத்திலேயே எல்லா நிறுவனங்களுக்கும் தெரியும். ஆனாலும் டிசம்பர் முதல் வாரத்தில், நாளொன்றுக்கு 2,200-க்கு மேல் பயணங்கள் நடத்திவந்த இண்டிகோ நிலைகுலைந்தது. 3 முதல் 5 தேதி வரையிலான மூன்றே நாளில் 2,507 பயணங்கள் ரத்து; 1,852 தாமதம்; மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் விமான நிலையங்களில் சிக்கினார்கள். கடைசியில், இரவுப் பணி விதிகளிலிருந்து அந்நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்குத் தரவேண்டியதாயிற்று. களைப்பைக் குறைக்க வந்த விதி, கூட்டத்தைக் குறைப்பதற்காக ஒத்திவைக்கப்பட்டது.

2026 ஜனவரியில் இயக்குநரகம் இண்டிகோவுக்கு 22.20 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விசாரணை சொன்ன காரணங்களில் முதலாவது, அளவுக்கு மீறி இறுக்கிப் போட்ட திட்டமிடல். பணிப்பட்டியல் கூடியவரை நீண்ட பணி நேரம் வாங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஏதாவது தவறினால் சமாளிக்க இடைவெளி மிகக் குறைவு. மென்பொருளின் குறைகளும் நிர்வாகக் குறைகளும் அதே பட்டியலில் இருந்தன.

இதற்கு நேர்மாறான நோயை அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 2022 டிசம்பரில் கண்டது. பனிப்புயலில் சிதறிய ஊழியர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பழைய மென்பொருளால் பின்தொடர முடியவில்லை. விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லத் தொலைபேசியில் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். ஏறத்தாழ 16,900 பயணங்கள் ரத்தாயின. ஆகவே எந்திரம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அன்று நல்ல மென்பொருள் இருந்திருந்தால் நிறையப் பேர் பண்டிகைக்கு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

என் கேள்வி, எந்திரத்திடம் எதைக் குறைக்கச் சொல்கிறோம் என்பது. செலவைக் குறை என்றால் சும்மா உட்கார்ந்திருக்கும் மாற்று விமானிதான் அதன் கண்ணில் முதலில் படுவார். நம் பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், ஓர் அறைக்கு நாலு பேர் என்பது விதி. உருப்படிக் கணக்கு மட்டும் பார்க்கிற மூளைக்கு ஐந்தாவது ஆளை உட்கார வைத்தால் லாபம் என்றுதான் தோன்றும். அந்த நாலு என்ற எண் எத்தனை உயிரைக் கொடுத்து எழுதியது என்பதை உருப்படிக் கணக்கு சொல்லாது. ஓய்வு மணியும் அப்படித்தான். தூக்கம் கெட்ட விமானியின் கை தடுமாறுவது எந்தச் செலவுப் பத்தியிலும் ஏறாது.

அடுத்தது, தவறினால் பதில் சொல்வது யார்? ஏர் கனடாவின் உரையாடல் மென்பொருள், துக்கத்துக்குப் போகும் பயணிக்கான கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. அந்த மென்பொருள் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்கிற பாணியில் நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது. கட்டண விவகாரத்திலேயே இப்படி என்றால், விமானியின் ஓய்வு விவகாரத்தில் எவ்வளவு தெளிவு வேண்டும்?

ஆகவே சிலவற்றைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பருவத்துக்கான அட்டவணைக்கு அனுமதி கேட்கும்போதே, எத்தனை மாற்று விமானிகள் கைவசம் உண்டு என்பதையும் நிறுவனம் காட்ட வேண்டும். புதிய விதி வருமுன், பழைய பனிமூட்ட நாள் ஒன்றை எடுத்து அந்த விதியின்படி மென்பொருளில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்திரம் சொன்னதை மறுத்த கட்டுப்பாட்டு அலுவலரிடம், செலவு ஏன் கூடியது என்று மறுநாள் விளக்கம் கேட்கக் கூடாது.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் சிலர் நாளை சென்னையிலோ பெங்களூரிலோ இத்தகைய நிரல்களை எழுதப் போகிறீர்கள். மாற்று ஆள், உபரி நேரம், நிற்கும் விமானம் எல்லாம் நல்ல நாளில் வீணாகத்தான் தெரியும். அவற்றை வெட்டிக் காட்டினால் உங்களுக்குப் பாராட்டும் கிடைக்கும். வெட்டுமுன், கெட்ட நாளில் அந்த இடத்தில் யார் நிற்பார் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராதவரை அந்த வரியை அழிக்காதீர்கள்.